படித்துறையிலிருந்து கடைத்தெரு வரை: பினாங்கில் ஒரு பழைய வணிகப் பாதைக்குப் பலகை வைக்க நினைப்பவர்களுக்கு

பினாங்கில் நாலு பேர் உட்கார்ந்து பழைய கதை பேசினால், அரை மணி நேரத்தில் யாராவது ஒருவர் "இதுக்கெல்லாம் ஒரு பலகை வைக்கணும்ப்பா" என்று சொல்லிவிடுவார். எங்கள் குழுவும் அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தே தாரே ஆறிக்கொண்டிருந்தபோது தொடங்கியது. பலகை கடைசியில் வரும் வேலை என்று புரிய எங்களுக்கு இரண்டு வருடம் பிடித்தது. புதிதாக இறங்குகிறவர்களுக்கு அந்த இரண்டு வருடம் மிச்சமாகட்டும்.

முதலில் பாதையைச் சுருக்குங்கள்

ஆரம்பத்தில் எல்லோருக்கும் இன்றைய கெடாவான கடாரம் வரை போக ஆசை வரும். 1025-இல் ராஜேந்திர சோழனின் படை, கெடாவில் பூஜாங் பள்ளத்தாக்கு, இந்தப் பக்கம் புக்கிட் மெர்தாஜாமில் செரோக் தோக்குன் கல்வெட்டு. அந்தப் பாறை இன்றைக்கும் செயின்ட் ஆன் தேவாலய வளாகத்துக்குள் இருக்கிறது. 1845-இல் ஜேம்ஸ் லோ என்ற ராணுவ அதிகாரி அதைப் பதிவு செய்தார். எல்லாமே நம்ம வட்டாரம்தான். ஆனால் ஆயிரம் வருடத்தை ஒரே நடையில் அடக்கப் பார்த்தால், எந்த இடத்திலும் நின்று "இதோ, இங்கேதான்" என்று காட்ட முடியாது.

நாங்கள் வைத்துக்கொண்ட சோதனை ஒன்றே ஒன்றுதான். இந்தப் பாதையில் தினமும் நடந்தவர் யார், அவர் தலையிலோ கையிலோ என்ன இருந்தது? இதற்கு ஒரே வாக்கியத்தில் பதில் வராவிட்டால் பாதை இன்னும் அகலமாக இருக்கிறது என்று அர்த்தம். எங்கள் பதில் இது: சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சரக்கைத் துறையில் இறக்கி, கடைத்தெருவுக்குச் சுமந்தவர்களும், விற்றவர்களும், அவர்களுக்குக் கடன் கொடுத்தவர்களும். அந்த வாக்கியம் கிடைத்ததும் பாதை தானாக வந்தது. பெங்காலான் வெல்ட் கடலோரத்திலிருந்து பீச் ஸ்த்ரீட், அங்கிருந்து கடைத்தெரு என்று நம்மவர்கள் சொல்லும் லெபோ பாசார், பினாங்கு ஸ்த்ரீட்டில் செட்டியார்களின் வட்டிக்கடைக் கூடங்களான கிட்டங்கிகள், குவின் ஸ்த்ரீட் மகாமாரியம்மன் கோயில், கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், திரும்பி வரும்போது சூலியா தெருவும் கிங் ஸ்த்ரீட்டும் சந்திக்கும் மூலையில் நாகூர் தர்கா.

அப்புறம் நடங்கள், பேசாமல் நடங்கள்

காலை ஏழு மணிக்கு, கடை திறக்கும் முன்னால் போங்கள். பழைய வரைபடம் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பினாங்கை ஆங்கிலேயர் குடியேற்றமாக்கிய பிரான்சிஸ் லைட் 1786-இல் வந்து இறங்கியதும் போட்ட தெருக்கள் சொற்பம். அவற்றில் ஒன்றுதான் இன்றைய சூலியா தெரு. அதற்கு முந்தைய பெயர் மலபார் தெரு. அக்காலத்தில் வெள்ளைக்காரர்கள் தமிழர்களையும் 'மலபார்' என்றுதான் எழுதினார்கள், அதனால் கேரளத்தைத் தேடிப் போகாதீர்கள்.

சூலியா தெருவிலேயே கடலை நோக்கி நடந்தால் பீச் ஸ்த்ரீட்டைத் தாண்டியதும் தெருப்பலகை மாறும். 'காட் லெபோ சூலியா' என்று இருக்கும். அந்தக் 'காட்' வட இந்தியச் சொல். நம் தமிழில் படித்துறை. சந்திப்பில் நின்று யோசித்தால் சங்கதி விளங்கும். பீச் ஸ்த்ரீட் என்றால் கடற்கரைத் தெரு. ஒரு காலத்தில் அதுதான் உண்மையான கரை, அலை அங்கேதான் வந்து அடித்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலைத் தூர்த்து நிலமாக்கினார்கள். படித்துறைகள் இருந்த இடங்கள் நீண்டு தெருக்களாயின, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. எங்கள் முதல் நடையில் ஒருவர் பெங்காலான் வெல்ட்டில் நின்று "இங்கேதான் 1790-இல் கப்பல் சரக்கு இறங்கியது" என்று ஆவேசமாகச் சொன்னார். அவர் நின்ற இடம் அப்போது தண்ணீர்.

இப்படி நடக்கும்போது குறித்துக்கொள்ள வேண்டியவை: கிடங்குக் கதவின் அகலம், மாடியிலிருந்து சரக்கு தூக்கும் உத்தரம், கடை முன்னால் உள்ள கூரை போட்ட நடைபாதையான காக்கி லீமாவின் தரை உயரம், கட்டட முகப்பில் சுதையில் பொறித்த ஆண்டு. அந்த ஆண்டை உடனே நம்பிவிட வேண்டாம். முகப்பை மட்டும் புதுப்பித்த ஆண்டாகவும் இருக்கலாம்.

ஆளைக் கேட்பது

இந்த வேலையில் பாதி இங்கேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நோட்டுப் புத்தகத்தோடு போய் "உங்கள் வரலாற்றைச் சொல்லுங்கள்" என்றால் எந்தக் கடைக்காரரும் வாய் திறக்க மாட்டார். முதல் இரண்டு முறை சாமான் வாங்குங்கள். மூன்றாம் முறை, மதியம் கூட்டம் குறைந்த நேரம் பார்த்து, "நானா, இந்தக் கடைக்கு முதல் நாள் எந்த வழியா வந்தீங்க?" என்று கேளுங்கள். 'நானா' என்பது தமிழ் முஸ்லிம்களை மரியாதையாக அழைக்கும் சொல். செட்டியார் வீட்டுப் பெரியவராக இருந்தால் "ஐயா" போதும். வழியைக் கேட்டால் ஆட்கள் கையைக் காட்டிப் பேச ஆரம்பிப்பார்கள். "இந்தப் பக்கம் திரும்பினா ஒரு தண்ணிக் குழாய் இருக்கும், அங்க மூஞ்சி கழுவிட்டு..." இப்படி வரும் ஒவ்வொரு சொல்லும் உங்கள் பாதையில் ஒரு புள்ளி.

மசாலாக் கடை ஒன்றில் ஒரு பெரியவர் எங்களிடம் அரை மணி நேரம் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு கல்லாவுக்கு அடியில் கையை விட்டு ஒரு கொக்கியை எடுத்தார். மூட்டை தூக்கும் கொக்கி. மரப்பிடி உள்ளங்கை பட்டுப் பட்டுப் புளியங்கொட்டை மாதிரி மினுங்கியது. இரும்பு முனை கொஞ்சம் மழுங்கியிருந்தது. முனையை ஏன் கூராக்கவில்லை என்று கேட்டேன். "கூரா இருந்தா கோணி கிழியும். அரிசி சிந்துனா யார் கூலியில பிடிப்பாங்க?" என்றார். ஒரு பக்க ஆவணத்தில் கிடைக்காதது அந்த ஒரு பதிலில் இருந்தது. எங்கள் பலகைகளில் அந்தக் கொக்கியின் கோட்டோவியம்தான் அடையாளச் சின்னம்.

ஒலிப்பதிவுக்கு முன் அனுமதி கேளுங்கள். பதிவைக் கேட்டு எழுதும்போது அவர்கள் சொன்ன சொல்லையே எழுதுங்கள். 'தொங்காங்' என்று சொன்னவரின் வாயில் 'சரக்குப் படகு' என்று திருத்திப் போடாதீர்கள். மலாயில் கடைக்கு 'கெடாய்', கப்பலுக்கு 'காப்பால்', குளத்துக்கு 'கோலாம்'. இந்தத் துறைமுகத்தில் சொற்களும் இறங்கியிருக்கின்றன. எந்தச் சொல்லை யார் எப்படிச் சொல்கிறார் என்பதே ஒரு சான்று.

நினைவு தவறும், அதற்காக யாரையும் மடக்க வேண்டாம். உதாரணம் ரஜூலா கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1926 முதல் 1970-களின் தொடக்கம் வரை ஓடிய கப்பல் அது. அதன் பெயர் அவ்வளவு பிரபலம் என்பதால், பிறகு வந்தவர்களும் "ரஜூலாவில்தான் வந்தேன்" என்பார்கள். 1970-களின் பிற்பகுதியில் வந்ததாகச் சொன்னால் அது பெரும்பாலும் சிதம்பரம் கப்பலாக இருக்கும். 1985-இல் தீப்பிடிக்கும் வரை அது ஓடியது. எதிரில் திருத்தாமல் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

பேரேடு கிடைத்தால்

அதிர்ஷ்டம் இருந்தால் யாராவது ஒரு பழைய கணக்குப் பேரேட்டை எடுத்து வந்து வைப்பார். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் பிடி 2000-ஆம் ஆண்டு தொடங்கியதும் விலகியபோது பினாங்கின் தலைநகரான ஜார்ஜ்டவுனில் எத்தனையோ பழைய கடைகள் காலியாயின. அப்போது குப்பைக்குப் போகாமல் தப்பியவை இவை. செல்லோடேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள். பேனாவைப் பக்கத்திலேயே கொண்டு வராதீர்கள். ஜன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடித்துவிட்டு உரியவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். குழுவிடம் வைத்துக்கொள்ளும் ஆசை வரும். நம் வீட்டு அலமாரியில் கரையான் இல்லை என்று யார் சொன்னது? உரியவர் கொடுக்க விரும்பினால் ஆவணக் காப்பகமான அர்கிப் நெகாராவுக்கு வழிகாட்டுங்கள்.

படிப்பதில் இரண்டு கண்ணி உண்டு. ஒன்று, தமிழ் எண்கள். ௲௯௱௰௨ என்று இருந்தால் ஆயிரம், ஒன்பது நூறு, பத்து, இரண்டு, அதாவது 1912. இரண்டு, அறுபதாண்டுச் சுழற்சி. 'பரிதாபி வருஷம்' என்று மட்டும் இருந்தால் அது 1852-ஆகவும் இருக்கலாம், 1912-ஆகவும் இருக்கலாம், 1972-ஆகவும் இருக்கலாம். தாளும் கையெழுத்தும், பேரேட்டில் வரும் சரக்கின் பெயரும்தான் எது என்று சொல்லும். மாதத்தையும் பாருங்கள். பரிதாபி தை என்றால் ஆங்கில ஆண்டு ஒன்று கூடி 1913 ஆகிவிடும். நாங்கள் ஒரு வரைவில் இதைத் தவறவிட்டு, ஒரு ஓய்வுபெற்ற தமிழாசிரியரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டோம். தமிழ் முஸ்லிம் குடும்பத் தாள்களில் அரபு எழுத்தில் எழுதிய தமிழும் ஹிஜ்ரி ஆண்டும் வரும். அதைப் படிக்கத் தெரிந்தவரைத் தேடிப் போங்கள், இணையத்தில் தட்டிப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள்.

சரிபார்ப்பு

நாங்கள் மூன்று நிறப் புள்ளி வைத்தோம். ஆவணமும் ஆளும் ஒத்துப்போனால் பச்சை. ஒன்று மட்டும் இருந்தால் மஞ்சள். "எல்லாரும் சொல்றாங்க" என்றால் சிவப்பு. பச்சை மட்டுமே பலகைக்குப் போகும். மஞ்சளை நடை அழைத்துப் போகும்போது வாயால் சொல்லலாம், "இப்படி ஒரு பேச்சு உண்டு" என்று சேர்த்து. ஆங்கில நாளிதழ்களில் கப்பல் வருகை அறிவிப்புகள் வரும். பினாங் கெஸட், ஸ்த்ரெய்ட்ஸ் எக்கோ போன்றவற்றின் பழைய இதழ்களைச் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் மின்னணுக் காப்பகத்தில் வீட்டிலிருந்தே தேடலாம். தமிழ்ப் பெயர்களை ஆங்கிலத்தில் ஐந்து விதமாக எழுதியிருப்பார்கள், ஐந்தையும் தேடுங்கள்.

ஆண்டு போடும்போது எதன் ஆண்டு என்று சொல்லுங்கள். மாரியம்மன் கோயிலுக்கு நிலம் கிடைத்தது 1801, கோயிலாக விரிந்தது 1833. பள்ளிவாசலை காதர் மொகிதீன் நிறுவியதும் 1801-இல்தான். இன்று நாம் பார்க்கும் தோற்றம் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வேலை. '1801-இல் கட்டப்பட்டது' என்று எழுதிக் கலசத்தையும் மினாரையும் காட்டினால், விவரம் தெரிந்த ஒருவர் முதல் நாளே சிரிப்பார். 'தொடங்கப்பட்டது', 'விரிவாக்கப்பட்டது', 'மாற்றியமைக்கப்பட்டது' என்ற மூன்று வினைகளும் மூன்று வேறு சங்கதிகள்.

'கிளிங்' என்ற சொல் வரும் இடத்தில் கூட்டத்தில் குரல் உயரும். எங்களிடமும் உயர்ந்தது. கலிங்கம் என்ற பெயரிலிருந்து வந்ததாகப் பொதுவாகச் சொல்லப்படும் அந்தச் சொல், ஒரு காலத்தில் இந்தியக் கரையிலிருந்து வந்தவர்களைக் குறித்த சாதாரணப் பெயர். இன்றைக்கு நம்மை இழிவாகக் கூப்பிடும் சொல். பள்ளிவாசலின் பெயரை மாற்றி எழுத நமக்கு உரிமை இல்லை. பெயரை அப்படியே வைத்து, அந்தச் சொல் எங்கிருந்து வந்தது, இன்று ஏன் வலிக்கிறது என்று ஒரு வரி சேர்த்தோம். மூன்று கூட்டம் தேவைப்பட்டது அந்த ஒரு வரிக்கு.

அனுமதி

இதைத் தவிர்க்க முடியாது, ஆனால் பயப்படவும் வேண்டாம். குழுவில் ஏழு பேர் சேர்ந்துவிட்டால் சங்கப் பதிவிலாகாவில் பதிந்துவிடுங்கள். பதிவு எண் இல்லாத கடிதம் எந்த மேசையிலும் நகராது. ஜார்ஜ்டவுன் 2008 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தளமானது. அந்த எல்லைக்குள் சுவரில் ஒரு ஆணி அடிப்பதென்றாலும் முதலில் கட்டட உரிமையாளர், பிறகு மாநகர் மன்றம், கூடவே ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரிய நிறுவனம். பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் அது முதல் வகையா இரண்டாம் வகையா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முதல் வகை என்றால் விதி இறுக்கம். கடைக்காரர் வேறு, உரிமையாளர் வேறு என்பதை மறக்காதீர்கள். நல்ல மனதோடு கடைக்காரர் "ஒட்டிக்கோங்க தம்பி" என்று சொல்லிவிடுவார். உரிமையாளர் பெயரில் ஒரு வக்கீல் கடிதம் வரும்.

வேலையின்போது மண்ணுக்குள் பழைய பொருள் ஏதும் தென்பட்டால் தோண்டாமல் நிறுத்தி, தேசியப் பாரம்பரிய இலாகாவுக்குச் சொல்லுங்கள். 2005-ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரியச் சட்டம் அதற்குத்தான் இருக்கிறது.

பலகையில் என்ன எழுதுவது

மலாய் முதலில், முதன்மையாக. அதன் மொழியை அரசின் மலாய் மொழி அமைப்பான டேவான் பஹாசாவில் சரிபார்த்து வாங்கிவிட்டால் மன்றத்தில் கேள்வி குறையும். தமிழுக்கு ஐம்பது சொல் போதும். எங்கள் முதல் வரைவு இப்படி இருந்தது: "வரலாற்றுச் சிறப்புமிக்க இவ்விடம் நம் முன்னோர்களின் உழைப்பையும் தியாகத்தையும் பறைசாற்றுகிறது." எந்த ஊர்ப் பலகைக்கும் பொருந்தும் வரி. இப்போது கடைத்தெருப் பலகையில் இருப்பது: "துறையில் இறங்கிய மூட்டைகள் இந்த வழியாகத் தலைச்சுமையாக வந்தன. மாலையில் கூலி எண்ணிக் கொடுத்தது இந்தத் தூண் அடியில்." தூணைத் தொட்டுப் பார்க்காமல் யாரும் போவதில்லை.

பினாங்கு ஸ்த்ரீட்டில் இன்னொன்று. கிட்டங்கி என்றால் இளையவர்களுக்குத் தெரியாது. ஒரே நீளக் கூடத்தில் செட்டியார் கடைக்காரர்கள் வரிசையாகப் பாய் விரித்து, சாய்வு மேசையும் கைப்பெட்டியும் வைத்து உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொரு பெட்டியும் ஒரு தனி வட்டிக்கடை. பக்கத்திலேயே கோயில் வீடு. தைப்பூசத்துக்கு முன்தினம் தண்ணீர்மலை நோக்கி வெள்ளி ரதம் புறப்படுவது அங்கிருந்துதான் என்று எழுதினால், பாதையின் பழசும் இன்றைக்கு நடப்பதும் ஒரே வரியில் சேர்ந்துவிடும்.

அச்சுக்குப் போகும் முன் ஒரு எச்சரிக்கை. வடிவமைப்பாளர் தமிழ் தெரியாதவராக இருந்தால், மென்பொருள் எழுத்தைப் பிரித்துவிடும். எங்கள் முதல் பலகையில் 'கோயில்' என்ற சொல்லில் இரட்டைக்கொம்பு 'க'வுக்குப் பின்னால் போய்க் காலோடு ஒட்டிக்கொண்டது. பட்டறைக்காரர் நல்லவர், அவருக்கு அது எழுத்தாகவே தெரிந்திருக்காது. பணம் எங்களுடையது. எழுத்தை உருவமாக மாற்றிய கோப்பைக் கொடுங்கள். பிறகு முழு அளவில் காகிதத்தில் எடுத்து, தமிழ் படிக்கும் ஒரு பிள்ளையை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். பெரியவர்கள் பிழையைத் தாண்டிப் படித்துவிடுவார்கள், பிள்ளைகள் தடுக்கி நிற்பார்கள்.

மாட்டுவது

காகிதத்தில் எடுத்ததை லேமினேட் செய்து, கயிறு கட்டி, உரிய இடத்தில் ஒரு மாதம் தொங்கவிடுங்கள். மோட்டார் நிறுத்துமிடமா, சாமி படத்தை மறைக்கிறதா, வெயிலில் பளபளத்துக் கண் கூசுகிறதா என்பதெல்லாம் அந்த மாதத்தில் தெரியும்.

பழைய சுவரின் பூச்சு சுண்ணாம்பு. அது ஈரத்தை உள்ளே இழுத்து வெளியே விடும். அதில் சிமெண்டை வைத்து அடைத்தால் ஈரம் பக்கவாட்டில் போய், உப்புப் பூத்து, பூச்சு அப்பளம் மாதிரி பெயரும். முதல் பலகைக்கு நாங்கள் செங்கல்லிலேயே துளை போட்டு சிமெண்டால் அடைத்தோம்; ஒரு மழைக்காலம் முடிந்ததும் பலகையைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குச் சுவர் உதிர்ந்தது. செங்கல்லுக்கு இடையிலுள்ள சுண்ணாம்புச் சாந்தில் மட்டும் துளை போடுங்கள், சுண்ணாம்பாலேயே அடையுங்கள். நாளைக்குக் கழற்றினால் தடம் தெரியக் கூடாது. திருகாணி கடல் காற்றுக்குத் தாங்கும் 316 ரகத் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். 304 கொஞ்ச நாளில் பழுப்பு ஒழுக ஆரம்பிக்கும். பித்தளைப் பலகை அழகுதான், பழைய இரும்புக் கடைக்கும் அது அழகாகத்தான் தெரியும். காக்கி லீமாவின் தரையில் பதிக்கும் யோசனையைக் கைவிடுங்கள். மழையில் வழுக்கும்.

பிறகு

நடை அழைத்துப் போவது இலவசமாக, உங்கள் குழுவுக்குள் இருக்கும்வரை சிக்கல் இல்லை. ஆட்களிடம் காசு வாங்கி வழிகாட்டியாகப் போவதென்றால் சுற்றுலா வழிகாட்டி உரிமம் வேண்டும், 1992-ஆம் ஆண்டுச் சட்டம் அது. எங்களில் ஒருவர் படித்து உரிமம் எடுத்தார். மற்றவர்கள் பின்னால் தண்ணீர் பாட்டில் தூக்குகிறோம்.

பினாங்கில் செப்டம்பர், அக்டோபரில்தான் மழை கொட்டும். அதனால் நவம்பரில் ஒரு முறை எல்லாப் பலகையையும் பாருங்கள், தைப்பூசத்துக்கு முன் இன்னொரு முறை. பலகைக்கு ஒரு ஆள் என்று பெயர் எழுதிப் பொறுப்புக் கொடுத்துவிடுங்கள். 'எல்லோரும் பார்த்துக்கொள்வோம்' என்றால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள். ஈரத் துணி, ஒரு திருப்புளி, ஒரு புகைப்படம். துடைக்கப் போகிறவர் அந்தக் கடையில் ஏதாவது சாமான் வாங்கிவிட்டு வருவது எங்கள் குழுவின் எழுதாத விதி. என் பலகை மசாலாக் கடை வாசலில் இருக்கிறது. வீட்டில் இப்போது மூன்று டப்பா மிளகு.